பதின்மூன்றாம் மாதத்தில் பிறந்தவள்

நான்காவது தடவையாக தெப்ரித்து வேலையிழந்தோர் நிதி அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றபோது, உள்ளே இருந்த மப்புலே கணினித் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பிதுக்கலுக்கு என்ன அர்த்தம் என்பது தெப்ரித்துவுக்கு இப்போது மனப்பாடம். முதல் தடவை வங்கிக் கடிதம் இல்லை. இரண்டாம் தடவை கடிதம் இருந்தது, அதில் முத்திரை இல்லை. மூன்றாம் தடவை முத்திரையும் இருந்தது, ஆனால் சிஸ்டம் இல்லை. காலை பத்தரைக்குப் படுத்த சிஸ்டம் சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. வரிசையில் நின்ற இருநூறு பேரும் அதன் தலைமாட்டில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

"இப்ப என்ன?" என்றாள் தெப்ரித்து.

"இப்ப நீங்க ரெண்டு பேரா இருக்கீங்கக்கா."

"நான் ஒருத்திதான் வந்திருக்கேன்."

"மெஷினுக்குள்ள ரெண்டு பேரு. ஒரு தெப்ரித்து அயெலே ரொட்டி ஃபேக்டரில ஆறு வருஷம் வேலை பாத்திருக்காங்க, மாசம் தவறாம நிதிக்குப் பணம் கட்டியிருக்காங்க. பொறந்தது எண்பத்தேழு செப்டம்பர் எட்டு. இன்னொரு தெப்ரித்து அயெலே உங்க கையில இருக்கற அகதிப் பேப்பர்ல இருக்காங்க. பொறந்தது எழுபத்தொம்போது மார்ச் பதிமூணு. பேரு சேருது, நம்பர் சேருது, தேதி சேரல. மூணுல ஒண்ணு இடிச்சாலும் மெஷின் கதவைச் சாத்திடும்."

தெப்ரித்துவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறு வருடம் மாதாமாதம் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு ஒன்று பிடித்தார்கள். எழுபத்திரண்டு மாதம். பிடிக்கும்போது எந்தத் தேதியும் எதிலும் இடிக்கவில்லை. நீ எந்த தெப்ரித்து என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. கொடுக்கவேண்டிய நாள் வந்ததும் மெஷினுக்கு நல்லது கெட்டது தெரிந்துவிட்டது. ஃபேக்டரியை மூடி மூன்று மாதம் ஆகிறது. முதலாளி அடுப்புகளை விற்றுவிட்டு எங்கோ கடற்கரை ஊருக்குப் போய்விட்டான். வேலையிழந்தவர்களுக்கு நிதி இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று போகும்போது ஆளுக்கொரு காகிதம் கொடுத்தான். அந்தக் காகிதம் அவள் பிளாஸ்டிக் உறைக்குள் அழுக்கேறிக்கொண்டு வருகிறது.

"செப்டம்பர் எட்டுதான் சரி," என்றாள். "மார்ச் பதிமூணு யாரோட தேதின்னு எனக்குத் தெரியாது."

"பேப்பர்ல நீங்கதானேக்கா குடுத்திருக்கீங்க?"

"நான் குடுத்தது மூணு, பதிமூணு, எழுபத்தொம்போது. எங்க ஊர்க் கணக்கு. மூணாம் தேதி, பதிமூணாம் மாசம்."

மப்புலே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "பதிமூணாம் மாசமா?"

எத்தியோப்பியாவில் வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். பன்னிரண்டும் முப்பது முப்பது நாள். மிஞ்சிய ஐந்து நாளும், சில வருடம் ஆறு நாளும், பாகுமே என்று தனி மாதம். வருடக் கணக்கும் மற்ற உலகத்துக்கு ஏழெட்டு வருடம் பின்னால். தெப்ரித்து இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சந்தேகம் வரும், இவள் கதை விடுகிறாளோ என்று. மப்புலே முகத்தில் அது வரவில்லை.

"அப்ப சம்பளமும் பதிமூணு தடவை குடுப்பாங்களா?"

"அஞ்சு நாளைக்கு எவன் குடுப்பான்?"

மப்புலே சத்தமாகச் சிரித்துவிட்டாள். பின்னால் வரிசையில் நின்ற லவ்மோர் என்கிற ஜிம்பாப்வேக்காரன், மூடிப்போன ஓர் ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தவன், எட்டிப் பார்த்துக் கத்தினான்: "அக்கா, அங்க என்ன பொண்ணு பாக்குறீங்களா? சட்டுன்னு பேசி முடிங்க, எனக்கு முட்டி வலிக்குது!"

"பாகுமே மூணு எங்களுக்கு ருஃபாயேல் தேவதூதர் நாள்," என்றாள் தெப்ரித்து, லவ்மோரைக் காதில் போட்டுக்கொள்ளாமல். "அன்னிக்குப் பெய்யற மழை தீர்த்தம். ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் துணியைக் கழட்டிப் போட்டுட்டு மழையில குளிக்கும். எங்கம்மா உள்ள என்னைப் பெத்துட்டு இருந்தா, வெளிய ஒரே கூச்சல். இதை எப்படிம்மா நான் மறப்பேன்? தப்பா எப்படிச் சொல்லுவேன்?"

"எனக்கு மப்புலேன்னு ஏன் பேரு வெச்சாங்க தெரியுமா? எங்க பாஷையில அது மழைப் பேரு, நானும் மழையில பொறந்தவதான்." மப்புலே குரலைத் தாழ்த்தினாள். "நான் உங்களை நம்பறேன்க்கா. ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுக்கத் தயார். சாமிதான் மெஷினுக்குள் உட்கார்ந்துகொண்டு கண்ணைத் திறக்க மாட்டேன் என்றது.

இரண்டு வழி இருப்பதாக மப்புலே சொன்னாள். ஒன்று, அகதி அலுவலகத்துக்குப் போய், பேப்பரில் உள்ள தேதி தவறு என்று மனுக் கொடுத்து மாற்றுவது.

"அதுக்கு நாள் வாங்கவே எட்டு மாசம் ஆகும். போனா, அன்னிக்கு ஏன் தப்பாச் சொன்னேன்னு கேப்பாங்க. இது தப்புன்னா வேற எதெல்லாம் தப்புன்னு கேப்பாங்க. மூடி வெச்ச ஃபைலை நாமளே போய்த் தொறக்கணுமா, யோசிச்சுக்கோங்க."

"ரெண்டாவது?"

"போலீஸ் ஸ்டேஷன்ல சத்தியம் பண்ணி ஒரு காகிதம் வாங்கிட்டு வரணும். பேப்பர்ல இருக்கற தேதிதான் சரி, ஃபேக்டரில தப்பான தேதி குடுத்துட்டேன்னு. அது இருந்தா இங்கயே மாத்திடலாம், மேலிடம் போக வேண்டாம்."

"அது பொய்யாச்சே."

"நான் எதுவும் சொல்லலக்கா." மப்புலே கண்ணாடியிலிருந்த ஓட்டைப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தாள். "மெஷினுக்கு ஒரு பொம்பளை போதும். அது எந்தப் பொம்பளைன்னு நீங்க முடிவு பண்ணிட்டு வாங்க."

தெப்ரித்து நேரே தன் ஊர்க்காரர்கள் கடை வைத்திருக்கும் ஜெப்பே தெருவுக்கு டாக்ஸி பிடித்தாள். பதினைந்து பேரைத் திணித்துக்கொண்டு போன அந்த வேனில், பக்கத்து ஆளின் முழங்கை விலாவில் குத்தியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. மனு எழுதுகிற ஷிஃபெராவை இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இருந்தாள்.

ஒரு காலத்தில் பல் டாக்டர்கள் இருந்த கட்டடம் அது. இப்போது ஒவ்வொரு அறையும் ஒரு கடை. மூன்றாம் மாடியில் ஷிஃபெராவ் காப்பிக் கடை வைத்திருக்கிறான். கூடவே ஊர்க்காரர்களுக்கு மனு எழுதித் தருவான், படிவம் நிரப்பித் தருவான். ஏழு வருடம் முன்னால், தெப்ரித்து இந்த ஊருக்கு வந்த புதிதில், அகதி அலுவலக வாசலில் அவள் படிவத்தை நிரப்பியவன் அவன்தான். அவனுக்குப் பேனாதான் பிழைப்பு, ஆனால் வாய்தான் பலம்.

"வா தங்கச்சி, வா. மூஞ்சியப் பாத்தா காப்பிக்கு வந்த மாதிரி தெரியலயே."

"என் தேதிய எப்படி எழுதின நீ?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் காப்பிக்கொட்டை வறுக்கும் கரண்டியைக் கீழே வைத்தான். "நீ சொன்னதத்தானே எழுதினேன். மூணு, பதிமூணு, எழுபத்தொம்போது."

"நான் நம்ம கணக்குல சொன்னேன். இந்த ஊர்க் கணக்குக்கு மாத்தி எழுதறதுக்குத்தானே உனக்குக் காசு குடுத்தேன்? வெறுமனே எழுதறதுக்கு எனக்குக் கை இல்லையா?"

"எம்மா, நான் அப்ப இந்த ஊருக்கு வந்தே நாலு மாசம். இது எந்த வருஷம்னு எனக்கே சந்தேகம். உள்ள இருந்த ஆபீசர் பாத்திருக்கான், மாசம் பதிமூணுன்னு ஒண்ணு கிடையாது, பாவம் இந்தப் பொம்பளை தேதியையும் மாசத்தையும் மாத்தி எழுதிடுச்சுன்னு நெனச்சு, மூணாம் மாசம் பதிமூணாம் தேதின்னு திருப்பிப் போட்டிருக்கான். உபகாரம்தான் பண்ணியிருக்கான். அவன் மேலயும் தப்பு இல்ல."

"அவன் மேல தப்பு இல்ல, உன் மேல தப்பு இல்ல, மெஷின் மேல தப்பு இல்ல. அப்ப என் மேலதான். எங்கம்மா இந்த ஊர்க் கணக்குப் பாத்துப் பெத்திருந்தா ஒரு தொல்லையும் இல்ல."

பக்கத்து மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தெப்ரித்து அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இருவரும் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

"என் பேப்பரைப் பாத்திருக்கியா? ஜனவரி ஒண்ணு," என்றான் ஷிஃபெராவ். "இந்தத் தெருவுல பாதிப் பேரு ஜனவரி ஒண்ணுதான். ஒரே கேக்கு வாங்கி எல்லாருமாச் சேந்து வெட்டலாம். பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் நம்ம தேதின்னு நாங்க வாயப் பொத்திட்டு இருக்கோம். ஃபேக்டரியில உன்னை யாரு உண்மையச் சொல்லச் சொன்னா?"

ஃபேக்டரியில் கணக்கெழுதும் எல்சபெ அம்மாள் சுவரில் ஓர் அட்டை மாட்டி வைத்திருந்தாள், யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று. பிறந்தநாள் வருகிறவர்களுக்கு வேலை முடியும் நேரத்தில் ஒரு கேக். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த அம்மாள், "உன்னோடது எப்ப கண்ணு?" என்று கேட்டபோது, இந்த ஊரில் அவளை அன்பாக ஒன்று கேட்ட முதல் ஆள் என்பதால், தெப்ரித்து மறுநாள்வரை அவகாசம் வாங்கி, ஷிஃபெராவிடமே கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு போய், சரியான தேதியைச் சொன்னாள். அன்பாகக் கேட்டவர்களிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது. எல்சபெ அம்மாள் அதே தேதியைத்தான் நிதிக் கணக்கிலும் ஏற்றியிருக்கிறாள்.

"போ, சத்தியம் பண்ணு," என்றான் ஷிஃபெராவ். "வாய்க்கு வலிக்குமா?"

"உனக்குத் தெரியாதா? பொய்ச் சத்தியம், பண்ணவளை விட்டுட்டு அவ பிள்ளையைப் பிடிக்கும்."

ஷிஃபெராவ் சிரிக்கவில்லை. அவனும் அந்த ஊரில் பிறந்தவன்தான். சத்தியம் என்றால் வயல் எல்லை வழக்கில்கூட ஊரில் பயப்படுவார்கள். சத்தியம் செய்ய மனமில்லாமல் நிலத்தையே விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு.

"அப்படின்னா ஒரு வழி இருக்கு," என்றான், மெதுவாக. "சாமியை இழுக்காம வெறும் உறுதிமொழின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, சாமி இல்லேங்கறவனுக்காக. அதைக் கேட்டு வாங்கு. பொய்தான். ஆனா ருஃபாயேலுக்குத் தெரியாத பொய்."

"தேவதூதருக்குத் தெரியாம ஸ்டேஷன்ல ஒரு கதவு இருக்காக்கும்," என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடிக்காமலே இறங்கி வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கணவனின் அண்ணன் கெபெயெஹு போன் செய்தான். கணவன் ஐந்து வருடம் முன்னால் வேறு நாட்டுக்கு வேலை தேடிப் போனவன், போனவன்தான். கெபெயெஹு நல்லவன். நகரத்துக்கு வெளியே தகரக் குடியிருப்பில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். கடைக்குள்ளேயே படுக்கை, கடைக்குள்ளேயே அடுப்பு, கல்லாவுக்கு முன்னால் இரும்புக் கம்பி. போன வருடம் அவனுடைய பழைய கடையை, வெளிநாட்டுக்காரனே வெளியே போ என்று கத்திக்கொண்டு வந்த கூட்டம் சூறையாடிக் கொளுத்தியபோது, கூரைத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தான். காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

"சனிக்கிழமைக்குள்ள சொல்லும்மா. கடை வேலைக்கு நீ வரலேன்னா வேற ஆள் வெக்கணும். ரூம் வாடகையும் மிச்சம், சாப்பாடும் நம்மளோடது. இந்தத் தடவ கம்பி ரெட்டையாப் போட்டிருக்கேன்."

"கூரையண்ணே?"

"கூரை தகரம்தான்," என்றான். "அது தகரமா இருக்கறதுதான் நல்லது."

எட்டு வயது மகள் ரகேப் தரையில் உட்கார்ந்து, தட்டிலிருந்த இஞ்சேரா என்கிற புளித்த தோசையைக் கிழித்துப் பருப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அந்தக் கடையில ஜன்னல் இருக்காம்மா?" என்றாள்.

தெப்ரித்து அவள் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றினாள். நிதிப் பணம் வந்தால் ஏழெட்டு மாதம் இந்த அறையில் காலந்தள்ளலாம். அதற்குள் இன்னொரு ரொட்டிக் கடையோ, துணி வெளுக்கிற இடமோ கிடைக்காமலா போய்விடும்? பிள்ளை அதே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வருவாள். பணம் வராவிட்டால் ஜன்னல் இல்லாத கடை, ரெட்டைக் கம்பி, தகரக் கூரை. ஒரு பக்கம் நெருப்பு பிள்ளையைப் பிடிக்கும் என்கிற பயம். இன்னொரு பக்கம் சத்தியம் பிள்ளையைப் பிடிக்கும் என்கிற பயம். இரண்டில் எது பெரிது என்று ஒரு தாய் தராசு பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தட்டைக் கழுவுகிற சாக்கில் பாத்திரங்களை உருட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கும் வரிசை. போன் தொலைத்தவன், கார் கண்ணாடி உடைந்தவன், பக்கத்து வீட்டு நாய் கடித்தவள், எல்லாருக்கும் சத்தியக் காகிதம் வேண்டும். இந்த ஊரில் சத்தியம் இலவசம் என்பதால் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போவார்கள் போலிருந்தது. மேசைக்குப் பின்னால் தெபோஹோ என்கிற, ஓய்வு பெறும் வயதிலிருந்த போலீஸ்காரர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

அவள் எழுதிக்கொண்டு வந்ததை அவர் விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். "நான் 1979 மார்ச் 13 அன்று பிறந்தேன். வேலையில் சேரும்போது என் பிறந்த தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டேன்."

"வயசக் கொறச்சுச் சொல்லிட்டியாக்கும்," என்றார். கேலிதான், விஷமம் இல்லை. "என் பொண்டாட்டியும் அப்படித்தான். பதினஞ்சு வருஷமா நாப்பதுலயே நிக்கிறா."

"ஐயா, எனக்குச் சத்தியம் வேண்டாம். சாமி பேரு சொல்லாத உறுதிமொழி இருக்காமே."

"சர்ச்சுக்குப் போக மாட்டியா நீ?" அவர் அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய மரச்சிலுவையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

தெப்ரித்து சிலுவையைக் கையால் மூடிக்கொண்டாள். "போவேன். அதனாலதான்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, மறுபேச்சுப் பேசாமல் மேசை இழுப்பறையைத் துழாவினார். பிறகு எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். பத்து நிமிடம் கழித்து வெறும் கையோடு வந்தார். "அதுக்கு முத்திரை வேறம்மா. அது கேப்டன் அலமாரில இருக்கு. சாவி அவர்கிட்ட. அவர் கோர்ட்டுக்குப் போயிருக்காரு. செவ்வாக்கிழமை வா, வாங்கி வெக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை! அவளுக்கு அங்கேயே ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. சாமி இல்லாதவனுக்கு வைத்த சின்ன இடுக்கைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சனிக்கிழமை கெபெயெஹுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை வந்தால் கேப்டன் இருப்பார், முத்திரை இருக்கும், மை இருக்காது. மை இருந்தால் தெபோஹோ இருக்க மாட்டார். மூன்று மாதத்தில் இந்த ஊர் அவளுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது.

"இருக்கறதையே குத்துங்க," என்றாள்.

"நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இங்க வந்து நிக்கிறேன். குத்துங்கய்யா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தினம் நூறு பேரிடம் கேட்கிற மூன்று கேள்விகளை, நூறு பேரிடமும் கேட்காதது போல நிதானமாகக் கேட்டார்.

"இதுல எழுதியிருக்கறது உனக்குப் புரியுதா?"

"புரியுது."

"சத்தியம் பண்றதுல உனக்கு ஆட்சேபணை உண்டா?"

உண்டு. உண்டு, உண்டு, ஆயிரம் தடவை உண்டு. "இல்ல," என்றாள்.

"இந்தச் சத்தியம் உன் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும்னு ஒத்துக்கிறியா?"

பின்னால் நாய் கடித்தவள் பெருமூச்சு விட்டாள். தெபோஹோ பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"ஒத்துக்கறேன்."

"வலது கையைத் தூக்கு. இதுல இருக்கறது உண்மை, கடவுள் துணைன்னு சொல்லு."

சொன்னாள். வாய் ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போதே மனது அம்ஹாரிக்கில் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது: ருஃபாயேலே, விழுந்தால் என் தலையில் விழட்டும், பிள்ளை தலையில் வேண்டாம், அவளுக்கு இதில் சம்பந்தமே இல்லை. முத்திரை விழுந்த சத்தத்தில் அவள் தோள் தூக்கிப் போட்டது.

அங்கிருந்து நிதி அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மூன்று மணி நேரம் நின்றாள். முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் மப்புலே இல்லை. அவள் இன்று விடுப்பாம். கழுத்தில் டை கட்டிய, இருபத்தைந்து வயதுக்கு மேல் சொல்ல முடியாத ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். புது ஆள் என்றால் புதுக் காகிதம் கேட்பான். கேட்டால் இந்தக் கண்ணாடியை உடைத்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாள். உடைத்தாலும் உடைத்திருப்பாள்.

அவன் சத்தியக் காகிதத்தைப் படித்தான். அகதிப் பேப்பரைப் பார்த்தான். நாலைந்து தடவை தட்டினான். மெஷின் ஒரு முனகலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மூன்று மாதம் அவளை இரண்டு பேராகப் பிளந்து வைத்திருந்தது, மூன்று நிமிடத்தில் ஒருத்தியாக்கிவிட்டது. செப்டம்பர் எட்டில் பிறந்தவள் திரையிலிருந்து போயே போய்விட்டாள்.

"முடிஞ்சுதுக்கா. மூணு வாரத்துல வங்கியில வந்துரும். எட்டு மாசம் வரைக்கும் வரும், மாசம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போடணும்." அவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நாப்பத்தாறு வயசுன்னு சொல்லவே முடியாதுக்கா. நல்லா வெச்சிருக்கீங்க உடம்ப."

அவள் பிளாஸ்டிக் உறையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

அவன் பழைய குறிப்புகளைப் புரட்டினான். நான்கு வருகையும் அங்கே வரிசையாகப் பதிவாகியிருந்தன. அவனுக்கு நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டது. "எத்தனை தடவை அலைஞ்சிருக்கீங்க, பாருங்க. முதல்லயே உண்மையச் சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டமே இல்லையேக்கா? நாங்க என்ன, சிங்கமா புலியா? உள்ளதச் சொன்னா குடுக்கத்தானே உக்காந்திருக்கோம்."

பாகுமேயும், மழையும், திருப்பிப் போட்ட தேதியும், கேப்டன் அலமாரியும், எல்லாம் ஒன்றாக வந்து தெப்ரித்துவின் பல்லுக்குப் பின்னால் முட்டி நின்றன. வாயைத் திறந்தால் மெஷின் மறுபடி அவளை இரண்டாக்கிவிடும்.

"ஆமா தம்பி," என்றாள். "தப்பு என்னோடதுதான்."

"பரவால்லக்கா, இனிமே அப்படிப் பண்ணாதீங்க," என்று அவன் காகிதத்தை நீட்டினான். அவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்துக் கட்டத்தில் தன் கையாலேயே பதின்மூன்று, மூன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது என்று எழுதினாள்.

வெளியே வந்து, வாசலில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை விற்கிறவளின் கூடைக்குப் பக்கத்தில் நின்று, கெபெயெஹுவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நாங்க கடைக்கு வரல."

"பணம் கெடச்சிருச்சா?" அவன் குரலில் சந்தோஷம்தான். "அடேயப்பா! கல்லுல நார் உரிச்சிட்டியே! எப்படிம்மா குடுத்தாங்க?"

"உண்மையச் சொன்னேண்ணே," என்றாள் தெப்ரித்து. "குடுத்துட்டாங்க."

போனை வைத்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, நடுத்தெரு என்றும் பாராமல் அழுதாள்.